துத்தநாகத்துக்கு வேண்டிய சூடு

சென்றாயன் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. சேலத்திலிருந்து பஸ்ஸிலும், அடிவாரத்திலிருந்து நடையிலுமாக முந்தின ராத்திரி வந்து சேர்ந்த அலுப்பு. எழுந்ததும் பரண்மேல் இருந்த தகர டப்பாவைத் திறந்தான். மடித்து வைத்த நோட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் துணியில் முடிந்து வைத்த வில்லைகளைக் காணவில்லை.

வாசலில் தங்கை பாப்பாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க புள்ளே?"

"கோழி கூப்பிடவே மொளகு மூட்டையத் தூக்கிட்டு முள்ளுக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருச்சு. நீ கொண்டாந்த புதுக்காசுல உப்பும் கருவாடும் வாங்கியாரேன்னுச்சு."

"அது காசில்ல!" என்று கத்தினான். சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடத் தொடங்கினான்.

அறுபத்தாறாம் வருஷம் அது. மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து சேலத்துக்கு வேலைக்குப் போன வெகு சிலரில் சென்றாயன் ஒருவன். டார்ச் லைட்டுக்குப் போடும் பாட்டரிக் கட்டை இருக்கிறதே, அதன் உள்ளே இருக்கும் குப்பியைச் செய்யும் பட்டறையில் தரை கூட்டினான். குப்பிக்குத் துத்தநாக வில்லை. மருந்து ட்யூபுக்கு வெள்ளீய வில்லை, அலுமினிய வில்லை. எல்லாம் வட்டமாக, வெள்ளையாக, எட்டணாக் காசு அளவில் இருக்கும். தடிமன் மட்டும் கூடுதல். கீறல் விழுந்து கழித்த வில்லைகளில் பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். எது எந்த உலோகம் என்று தொட்டும் தட்டியும் சொல்லப் பழகிவிட்டால் வில்லையைக் குப்பியாக அடிக்கும் பிரஸ் பக்கம் நிறுத்துவார்கள் என்று அவனுக்கு ஓர் ஆசை. இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் டப்பாவில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நயாபைசா வந்த நாள் முதல் மலைக்காரர்களுக்குக் காசு நிலையாக இருந்ததே இல்லை. சதுரக் காசு வந்தது. நெளிந்த விளிம்போடு ஒன்று வந்தது. எடையே இல்லாமல் ஆறு மூலைக் காசு ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் "இது செல்லுங்களா?" என்று கேட்டது அம்மா குப்பாயிதான். "செல்லும், எடுத்துட்டு நடையக் கட்டு" என்று அதட்டியது சந்தை வியாபாரிகள்தான். இப்போது வழவழவென்று ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்திருப்பாள்.

ஒற்றையடித் தடத்தில் கல் உருள உருள இறங்கி அவன் முள்ளுக்குறிச்சியை எட்டியபோது உச்சி சாய்ந்திருந்தது. சந்தையின் ஓரத்தில் கூட்டம் கூடியிருந்தது. நடுவே, புளியமரத்து வேரில், மிளகு மூட்டையை மடியில் அணைத்தபடி குப்பாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஏட்டு அர்த்தனாரி நின்றார். கையில் விரித்த கைக்குட்டையில் பத்து வில்லைகள்.

"சிங்கத் தலை இல்ல, எழுத்து இல்ல, மொட்டக் காசுங்க! மூணு குடுத்து ஒரு கூடக் கருவாட்ட அள்ளிருச்சு. அச்சடிக்கற ஆளு மேல எங்கியோ இருக்கோணும்" என்று கருவாட்டு வியாபாரி செல்லமுத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான்.

"எம் பையன் சம்பாதிச்சதுங்க சாமி" என்றாள் குப்பாயி. அதைக் காலையிலிருந்து எத்தனை தடவை சொன்னாளோ, குரல் கட்டியிருந்தது.

"நாந்தானுங்க பையன்" என்று சென்றாயன் முன்னால் போனான். "அது காசில்லீங்க. பாட்டரிக் கட்டை செய்யற வில்லைங்க."

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் துட்டு வில்லையில பாட்டரிக் கட்டையா? கட்டை இத்தனை நீளம் இருக்குது, இது இத்தனூண்டு. யாருக்குடா காது குத்தறே?"

கூட்டம் சிரித்தது.

"சேலத்துல விசாரிச்சாத் தெரியுமுங்க."

"விசாரிப்போம். லெட்டர் போட்டு, பதில் வர நாலு நாளோ அஞ்சு நாளோ ஆகும். அதுவரைக்கும் ராசிபுரம் ஸ்டேஷன்ல இருக்கட்டும். மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறோம்."

குப்பாயி மலையை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியவள் இல்லை. அவள் மகனை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவனைப் பேச வைத்தது.

"செஞ்சு காட்டறேனுங்க" என்றான். "பஸ்ஸு வாரதுக்குள்ள. இதே வில்லையில."

மலைக்கு ரோடு போடும் கூட்டத்தின் கொல்லுலை சந்தைக்கு மறுபக்கம் இருந்தது. பாறை உடைக்கும் பொன்னன் அங்கே கடப்பாரைக்கு முனை தட்டிக்கொண்டிருந்தான். ஏட்டும், குப்பாயியும், பாதிச் சந்தையும் திரண்டு வருவதைப் பார்த்து, "என்னங்க ஏட்டய்யா, எனக்கு இன்னொரு பொண்ணு பாத்துட்டீங்களா?" என்றான்.

சென்றாயன் பழைய இரும்புக் குவியலைக் கிளறினான். லாரியில் கழற்றிப் போட்ட பேரிங் வளையம் ஒன்று கிடைத்தது. அதற்குள் மயிரிழை இடைவெளியோடு இறங்கும் ஸ்பிரிங் பின் ஒன்று கிடைக்கப் பத்து பின்களை நுழைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. வளையத்தைப் பட்டடை இரும்பின்மேல் வைத்தான்.

"முறுக்கு பிழிஞ்சா மாவு கீழ ஓட்டை வழியா வருமுங்க. இதுல ஓட்டையே இல்ல. பின்னு கீழ எறங்கும். உலோகம் போக்கிடம் இல்லாம, பின்னச் சுத்தி மேல ஏறி வரும். ஏறி வந்தா அதுதான் குப்பி."

"அடிக்கறது கீழ, வாரது மேலயா?" என்றான் பொன்னன். "எம் பொண்டாட்டி மாதிரி."

"அந்த எடை இல்லாத வில்லையக் குடுங்க" என்று சென்றாயன் கை நீட்டினான். அலுமினியமும் வெள்ளீயமும் சூடு இல்லாமலே ஏறிவிடும்.

"நீ கேக்கறத நான் எதுக்குத் தரோணும்? நான் எடுக்கறதுதான்." ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கையில் வாங்கியதும் கனத்தது. பட்டடையில் போட்டான். கணீரென்றது. வெள்ளீயமாக இருந்தால் மொத்தென்று விழுந்திருக்கும். இது துத்தநாகம்.

அவனுக்கு நாக்கு வறண்டது. துத்தநாகம் சூடு காட்டாமல் பச்சையாக அடித்தால் வெடித்துப் பிளக்கும். சூடு கூடிப்போனாலும் பிஸ்கட் போல உதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சூடு இருக்கிறது. அதில்தான் அது இணங்கும். பட்டறையில் சூட்டைக் காட்ட முள் வைத்த மீட்டர் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது?

"இத நெருப்புல காட்டோணுமுங்க."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று செல்லமுத்து துள்ளினான். "சாட்சியவே உருக்கிப்புடப் பாக்கறான்!"

"உருகினா அம்மாவோட உன்னையும் ஏத்திருவேன்" என்றார் ஏட்டு.

"சரீங்க."

விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்து வளையத்திலும் பின்னிலும் தடவினான். இடுக்கியில் வில்லையைப் பிடித்துத் தணலுக்கு மேலாகக் காட்டினான். வெளியே எடுத்து எச்சில் துப்பினான். எச்சில் சும்மா நனைத்துவிட்டு நின்றது. மறுபடி காட்டினான். துப்பினான். எச்சில் உருண்டையாகி, முத்துப் போல வில்லைமேல் ஓடி, கீழே குதித்தது.

அதிகம்!

அவன் வில்லையைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றான். ரோட்டில் எங்கோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"பஸ்ஸு வந்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

"பொறுங்க" என்றான். வாயில் எச்சில் இல்லை. "அம்மா, நீ துப்பு."

குப்பாயி எழுந்து வந்தாள். குனிந்து துப்பினாள். சுர்ரென்று சத்தம் போட்டு, இருந்த இடத்திலேயே எச்சில் காய்ந்தது.

"இப்ப!" வில்லையை வளையத்துக்குள் போட்டு, பின்னை நிறுத்தி, இடுக்கியால் பிடித்தான். "அண்ணா, முழு பலத்துல."

"கை போனா என்னையக் கேக்காத" என்று பொன்னன் சம்மட்டியை ஓங்கினான்.

முதல் அடியில் பின் அசைந்ததாகவே தெரியவில்லை. இரண்டாவது அடியில் இடுக்கி வழியாகச் சென்றாயனின் தோள்வரை அதிர்ந்தது. மூன்றாவது அடியின் சத்தம் வேறாக இருந்தது; மண்ணில் குத்தியதுபோல மெத்தென்று இறங்கியது. அவன் இடுக்கியைக் கீழே போட்டான். பின்னையும் வளையத்தையும் தலைகீழாகத் தட்டினான். வரவில்லை. மறுபடி தட்டினான். சூடாக ஒன்று மண்ணில் விழுந்தது.

அடி உள்ள சின்னக் குப்பி. கட்டை விரலில் பாதி உயரம்கூட இல்லை. ஒரு பக்கம் விளிம்பு கிழிந்து, கோணலாக இருந்தது. ஆனால் குப்பிதான்.

ஏட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பிலிருந்த டார்ச்சைத் திருகி ஒரு கட்டையை உள்ளங்கையில் கொட்டினார். மேல் காகிதத்தை நகத்தால் உரித்தார். உள்ளே அதே சாம்பல் நிறம், அதே வட்டம். குப்பியைக் கட்டையின் அடியோடு ஒட்ட வைத்துப் பார்த்தார். விரலால் இரண்டையும் சுற்றித் தடவினார்.

பஸ் மரத்தடியில் நின்று ஹாரன் அடித்தது. ஏட்டு திரும்பிப் பார்த்து, "போ, போ" என்று கையை வீசினார்.

"ஏனுங்க, என் கருவாடு?" என்றான் செல்லமுத்து.

"அந்தம்மாகிட்ட மொளகு வாங்கிக்க. நியாயமா எடை போட்டு வாங்கோணும், நான் நிக்கறேன்." பிறகு சென்றாயனிடம் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் குப்பிய நான் வெச்சுக்கறேன். இனிமே வீட்டுக்குக் கொண்டு வார சாமான் என்ன ஏதுன்னு பெத்தவகிட்டச் சொல்லு, முட்டாப்பயலே."

பின்னாளில் சென்றாயன் அதே பட்டறையில் இருபத்தாறு வருஷம் பிரஸ் ஓட்டினான். மீட்டர் பழுதான நாள்களில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில்கூடத் தோசைக்கல் காய்ந்ததா என்று எச்சில் தொட்டுத்தான் பார்ப்பான். மருமகள் அதற்காகத் திட்டாத நாள் இல்லை. போன மாதம் அவன் காலமானதிலிருந்து அவள் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறாள். கல் காய்ந்து எத்தனை நேரமாகியிருந்தாலும், தெளித்துவிட்டுச் சற்று நேரம் நிற்கிறாள்.

அன்றைக்கு அம்மாவும் மகனும் உப்பும் கருவாடும் சுமந்து மலை ஏறினார்கள். பாதி வழியில், சுனையண்டை மூட்டையை இறக்கியபோது குப்பாயி அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இடுக்கி அதிர்ந்து உள்ளங்கை கன்றிப்போயிருந்தது.

"ஏங் கண்ணு, இதுக்கு முன்னால எத்தன குப்பி செஞ்சிருப்பே?"

சென்றாயன் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான்.

"ஒண்ணுகூட இல்லம்மா. கூட்டும்போது பாத்தது."

குப்பாயி அந்தக் கையை இழுத்துச் சுனைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தாள். பொழுது சாய்கிறது என்று அவன் சொன்ன பிறகும் விடவில்லை.