ஈரச் சாக்குக்குத் தொண்ணூற்றொன்று

காபிக்கு மார்க் போடும் தொழிலில் எனக்கு முதல் துரோகம் செய்தவன் ஆவடிப் பக்கம் கோவில்பதாகையிலிருந்து வரும் டில்லிபாபு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் எல்லாரும் அவனை நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு காபித்தூள் கடையில் முப்பது வருஷம் கொட்டை வறுத்தேன். கடைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் பிள்ளையோடு போய்விட்டார். இப்போது அதே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் வேலை. பல ஊர்களிலிருந்து வரும் உசத்திக் காபிகளை ருசி பார்த்து, எது நல்லது, எது கொடுக்கிற காசுக்குத் தகும் என்று நூறுக்கு மார்க் சொல்லவேண்டும். அதை வரிசைப்படுத்திப் போனில் போடுவார்கள். பக்கத்தில் கையில் கரண்டியோடு என் போட்டோ இருக்கும். ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் எத்தனை நட்சத்திரம் என்று போன் கேட்கிறதே, அப்போது விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தவர்கள்தானே நீங்கள்? எனக்கு அந்த முழிப்பு தினமும் ஆறு தடவை.

துப்பத் தெரியாதவன்

முதலாளி புவனா ஈரோட்டுப் பெண். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தவர். முதல் நாள் எனக்குச் செய்து காட்டினார். கரண்டியில் காபியை எடுத்து, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றி, ஒரு குவளையில் துப்பினார். சத்தம் போட்டு உறிஞ்சியதற்குச் சின்ன வயதில் அடி வாங்கியவன் நான். அதையாவது பழகிக்கொள்ளலாம். நல்ல காபியை எப்படித் துப்புவது? அவர் திரும்பிய நேரமெல்லாம் விழுங்கிவிட்டேன். அன்றைக்குப் பன்னிரண்டு வகை.

சாயங்காலம் அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன். ஃபேனைத் துடைத்தேன். பரண்மேல் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கழுவினேன். வாசல் கேட்டுக்கு எண்ணெய் போட்டேன். கை நிற்கவே மாட்டேன் என்றது. என் மனைவி தனம் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த வேலய உட்றாத. பொங்கலுக்கு ஊடு வெள்ளையடிக்கணும்."

பெயர் வைக்கிற வேலை

மார்க் மட்டும் போதாது, ருசி என்ன மாதிரி இருக்கிறது என்றும் சொல்லவேண்டும். பாக்கெட்டில் என்னென்னவோ பழத்தின் பெயர் போட்டிருக்கும். பாதிப் பழத்தை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒன்று, உப்பு மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காய். ஒன்று, புதுப் பஸ்ஸின் சீட். ஒன்று, மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு. புவனா சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிப் போட்டுவிட்டார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று என்றார். ஏன் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சாக்கு என்று பெயர் வாங்கிய காபியின் சொந்தக்காரர் காரில் வந்து இறங்கினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோவிலில் பேசுகிற குரலில் கேட்டார்: "ஐயா, ஈரச் சாக்குன்றத எடுத்துட்டு, மழை மண் வாசனைன்னு மாத்திக்கலாமா?"

ஒரே காபி, இரண்டு மார்க்

எங்கள் தாளில் இரண்டு கட்டம். ஒன்று ருசிக்கு, ஒன்று விலைக்குத் தகுமா என்பதற்கு. ருசியில் எண்பத்தெட்டு வாங்கிய காபி, விலை அதிகம் என்பதால் அடுத்த கட்டத்தில் நாற்பது வாங்கும். காபி அதேதான், குவளையும் அதேதான். நல்ல காபி என்று ஒரு கையால் தட்டிக்கொடுத்துவிட்டு மறு கையால் குட்டுவது என்ன நியாயம்? புவனா மூன்று தடவை விளக்கினார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

டில்லிபாபு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கீழே இருக்கும் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவன். இப்போது மேலே எங்களுக்கு வெந்நீர் போட்டு, குவளை அடுக்கிக் கொடுக்கிறான். எனக்குப் புரியவைக்கிறேன் என்று கிளம்பினான். "உன்ன இட்டாந்து வச்சதே அப்டித்தான் நைனா. நாக்குக்கு எண்பத்தெட்டு, சம்பளத்துக்கு நூத்துக்கு நூறு."

டில்லிபாபுவின் மேஜை

எனக்கு முழங்கால் வலி. குவளைகளைச் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்து டில்லி ஒரு வட்ட மேஜை செய்துகொண்டு வந்தான். நடுவில் கிரானைட் கல், அடியில் பேரிங். உட்கார்ந்த இடத்திலிருந்தே கல்லைச் சுற்றினால் குவளைகள் ஒவ்வொன்றாக நம்மிடம் வரும். நான் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன், மயக்கம் வந்தது. பழையபடி அந்த மேஜையைச் சுற்றி நடந்தே ருசி பார்த்தேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், ஆனால் என் தலையை நான்தானே காப்பாற்றிக்கொள்ளவேண்டும். எந்தக் குவளையில் எந்தக் காபி என்பது புவனாவிடம் இருக்கும் தாளுக்குத்தான் தெரியும். எனக்கு நம்பர் மட்டும். குவளையில் ஒட்டுகிற நம்பர் கழுவினால் போகவில்லை என்று டில்லி அதைக் கல்லைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தில் பெயின்டால் எழுதிவிட்டான். கல் சுற்றும், வளையம் சுற்றாது. இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்த வாரம் ஒரு நாள், வழக்கம்போல் ஆறு காபி. டில்லி அடுக்கினான். நான் வாய் கொப்பளித்துவிட்டு வந்து ருசி பார்த்தேன். மூன்றாம் நம்பர் கொய்யாக்காய், தொண்ணூற்றொன்று. ஐந்தாம் நம்பர் ஈரச் சாக்கு, ஐம்பத்திரண்டு. புவனா தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். மூன்றாம் நம்பர் அந்தக் கார்க்காரர் காபியாம். மனுஷன் திருந்திவிட்டார் என்று நானும் பெருமையாகச் சொன்னேன். விலையும் குறைவு, அதனால் இரண்டு கட்டத்திலும் அதுவே முதல் இடம். டில்லி கல்லைத் துணியால் துடைத்தபடி சொன்னான்: "பாத்தியா நைனா, என் மேஜ மேல வச்சா சாக்குகூட கொய்யாவா ஆயிடுது."

அண்ணாச்சி ரிட்டையர் ஆன நாள்

சுடலைமுத்து அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாட பாக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். பழைய கடையில் முப்பது வருஷமும் நான் வறுத்த தூளைத்தான் வாங்குவார். வேறு ஆள் பொட்டலம் கட்டினால்கூட, "ஏகாம்பரம் வரட்டும்" என்று நிற்பார். அவர் ரிட்டையர் ஆகும் நாளில் தன் செக்‌ஷன் ஆட்களுக்கெல்லாம் நல்ல காபி கொடுக்க ஆசைப்பட்டு, போனில் என் போட்டோவைப் பார்த்து, தொண்ணூற்றொரு மார்க் காபியை வாங்கிப் போட்டுவிட்டார்.

மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. மீதிப் பாக்கெட்டைக் கேட் மேல் வைத்தார். "காபி எப்படி இருக்குன்னு ஒவ்வொருத்தனா கேட்டேன்வே. போண்டா நல்லாருக்குன்னு சொல்லுதானுவ."

தனம் வைத்த பரீட்சை

அந்தப் பாக்கெட்டைப் பிரித்தேன். பில்டரில் போட வேண்டிய தேவையே இல்லை. மூக்குக்கு எட்டியதுமே சாக்கு, மழையில் நனைந்த அதே சாக்கு. இதற்கா தொண்ணூற்றொன்று சொன்னேன்? சொன்ன அன்றைக்கு வாயில் கொய்யாக்காய் இருந்தது நிஜம். அப்படியென்றால் நாக்கு செத்துப்போய்விட்டதா? அல்லது அப்போதே செத்திருந்து, இப்போதுதான் பிழைத்ததா? படிக்காதவனுக்கு நாக்குதான் சர்டிபிகேட். வயதாகி அதுவும் போய்விட்டால் என்னை யார் மேல்மாடிக்கு ஏற்றுவார்கள்?

இரண்டு நாள் நான் சாப்பாட்டில் உப்பு சரியா என்றுகூடச் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, தனம் மூன்று டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துச் சொல்லு என்றாள். முதலாவதில் சிக்கரி கூட. இரண்டாவது நம் வீட்டுத் தூள். மூன்றாவதும் நம் வீட்டுத் தூள்தான், ஆனால் பால் வேறே, எதிர்வீட்டில் வாங்கியிருக்கிறாய் என்றேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாக்கு நல்லாத்தான் கீது. அங்க வேற இன்னாவோ சரியில்ல."

பட்டு மாதிரி

இரண்டு வாரம் கழித்து அரைக்கிற மெஷினை ரிப்பேர் பார்க்க ஓர் ஆள் வந்தான். எனக்காக ஆறு குவளை அடுக்கியாகிவிட்டது. நான் குழாயடியில் வாயில் தண்ணீரோடு நின்றிருந்தேன். டில்லி அந்த ஆளிடம் தன் மேஜையைக் காட்டி, "பட்டு மாரி சுத்தும் பாரு" என்று ஒரே விரலால் தள்ளினான். கல் சுற்றியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. நின்றபோது, ஒன்றாம் நம்பருக்கு எதிரே இருந்த குவளை ஐந்தாம் நம்பருக்கு எதிரே நின்றது. வளையத்து நம்பர்கள் மட்டும் எழுதின இடத்திலேயே இருந்தன.

வாயில் இருந்த தண்ணீரை விழுங்கிவிட்டேன். நான் வாய் கொப்பளிக்கப் போன அந்த நாளும் இவன் இதைத்தானே செய்திருக்கிறான்! யாரோ ஒருவரின் கொய்யாவைச் சாக்குக்காரர் கணக்கில் தள்ளிவிட்டானே! கிட்டே போய், "டில்லி, அன்னிக்கும் இப்டித்தான் சுத்தினியா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வளையத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தான். "மேஜ மேல பழி போடாத நைனா. பேரிங் ஜப்பான்."

திருத்தம்

புவனாவிடம் சொன்னேன். அவர் உடனே குவளைகளின் அடியில் நம்பர் எழுதவைத்து மறுபடி ருசி பார்க்கச் சொன்னார். சாக்குக்கு ஐம்பத்தொன்று. கொய்யா, கொல்லிமலையில் ஓர் அம்மாள் அனுப்பிய காபி, மறுபடியும் தொண்ணூற்றொன்று. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'ருசி பார்ப்பவரின் மறுபரிசீலனைக்குப் பின் மார்க் திருத்தப்பட்டது' என்று போட்டிருந்தது. அதாவது, நான் புத்தி மாறினேன். மேஜையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நேராகப் போய்ப் புவனாவைக் கேட்டேன். டில்லியை விசாரித்தாராம், ஞாபகம் இல்லை என்றானாம். அதற்கு மேல் வயதானவரை என்ன கேட்பது என்றார். அப்போது நான் யார், இளவட்டமா? உண்மையையாவது போடுங்கள் என்றேன். அவர் பாவமாக என்னைப் பார்த்தார். "ஏனுங்க ஐயா, மேஜை சுத்திருச்சுன்னு போட்டா, நாளைக்கு நம்ம மார்க்க யாருங்க நம்புவாங்க?"

அண்ணாச்சியின் தீர்ப்பு

ஆவடி மார்க்கெட்டில் அண்ணாச்சியைப் பிடித்து நிறுத்திக் கதை முழுவதும் சொன்னேன். கல் சுற்றும், வளையம் சுற்றாது என்று தட்டை வைத்துக் கத்தரிக்காயை அடுக்கிக் காட்டினேன். காய்க்காரம்மாவுக்கே புரிந்துவிட்டது. அண்ணாச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சுற்றினவன் வந்து தன் வாயால் சொன்னால் நம்புகிறேன் என்றார். டில்லியைக் கேட்டேன். "வர்ற ஞாயித்துக்கிழம வரேன் நைனா" என்றான். எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. இப்போதெல்லாம் அவன் அந்தக் கல்லைத் தொடுவதில்லை. நான் நடக்கவேண்டாம் என்று குவளைகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறான். பதினோரு மணிக்கு எனக்கென்று தனியாக ஒரு பில்டர் காபி, சர்க்கரை அளவு பிசகாமல். நான் குடிக்கிறேன்.

அண்ணாச்சி இப்போது தூள் வாங்குவது என் மார்க்கைப் பார்த்து அல்ல. போன வாரம் பூந்தமல்லி பஸ்ஸில் பார்த்தேன். மேஜை என்று நான் வாயெடுத்ததுமே என் தோளைத் தட்டினார்: "நம்ம வயசுல மேஜ சுத்தாதுவே ஏகாம்பரம், தலதான் சுத்தும்."

காபியை விழுங்காமல் துப்ப நான் ஒரு மாதிரி பழகிவிட்டேன், 'நான்தான் சுத்தினேன்' என்கிற இரண்டே வார்த்தையை டில்லிபாபுதான் இன்னும் துப்பாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறான்.