காரின் மேல் நாலு கொம்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதிக் கிழித்தும் போட்டிருக்கிறேன். காரணம் பெரிசாக ஒன்றுமில்லை... இதில் வரும் ஒருவர் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவரே, எழுதிடும்மா என்றார். அப்புறம் என்ன?

ஆவடி சேக்காட்டில் எங்கள் வீடு. மாடியில் அப்போது மணிகண்டன் என்று தென்காசிக்காரத் தம்பி ஒருவர் குடியிருந்தார். ஐடி வேலை. மனைவி செல்வி ஏழு மாதக் கர்ப்பிணி. சத்தமில்லாத ஜோடி. குறை சொல்ல ஒன்றுமில்லை — அந்தக் காரைத் தவிர.

காரின் கூரையில் நாலு மூலைக்கு நாலு ஆன்டெனா. காந்தத்தில் நிற்கும். லீவு நாளானால் மாட்டுவண்டி வேகத்தில் தெருத் தெருவாக ஊர்வார். எங்கேயும் இறங்க மாட்டார், யாரோடும் பேச மாட்டார். சும்மா சுற்றுகிறவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போக வேண்டும்?

கேட்டால், எங்கெங்கே வைஃபை இருக்கிறது என்று மேப் போடுகிறாராம். பொழுதுபோக்காம். வெளியே கேட்கும் பெயரை மட்டும்தான் குறிப்பாராம், பாஸ்வேர்டைத் தொடமாட்டாராம். சம்பளம்? கிடையாதாம். நான் ஒன்பதாவது வரைதான் படித்தவள். ஆனால் சம்பளமில்லாமல் வெயிலில் ஊர் சுற்றுகிறவரை உடனே நம்பிவிடக் கூடாது என்று தெரிய அது போதும்.

எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். அன்பியம் என்று பெயர். அந்த மாதம் எங்கள் வீட்டில். ஜெபம் முடிந்து டீயும் சுண்டலும் வந்ததும் பேச்சு மாடிக்குப் போனது. தெருச் சங்கத்துக்கும் அன்பியத்துக்கும் மரியதாஸ் அண்ணன்தான் தலைவர். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. நல்ல மனுஷர், ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் தூங்க மாட்டார்.

"இன்னாம்மா, உன் ஊட்டு மாடில கீறவன் நாலு கொம்பு வெச்சிகினு சுத்துறான். கேட்டா மேப்பாம். ஆண்டவரா கேட்டாரு இவன்கிட்ட மேப்பு? எந்த ஊடு பூட்டிக் கீதுன்னு நோட்டம் பாக்குறான். காலி பண்ண சொல்லிடு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

சொல்லிவிடலாம் என்று மாடிக்கு ஏறினேன். செல்வி பாதிப் படியிலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. "மூணாவது வீடுக்கா இது. இந்தத் தடவை பெட்டி கட்ட என்னால குனிய முடியாது" என்றாள். அழவில்லை. அதுதான் என்னைத் தடுத்தது.

கீழே வந்து, நானே ஒரு தரம் அந்தக் காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். நீ போய் அவன் சொல்வதை நம்பிவிட்டு வருவாய் என்று மரியதாஸ் அண்ணன் முணுமுணுத்தார்.

அப்போதே, கையில் ஜெபமாலையோடு மணிகண்டனுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். கேள்வி மேல் கேள்வி. கேட்பதற்கு ஒரு ஆன்டெனா போதாதா, நாலு எதற்கு?

"ஒரு ரேடியோ ஒரு நேரத்துல ஒரு சேனலைத்தான் கேக்கும்க்கா. அது எல்லா சேனலையும் சுத்தி வாரதுக்குள்ள கார் ரெண்டு வீட்டைத் தாண்டிரும். அதான் பின் சீட்டுல இருக்க பெட்டிக்குள்ள நாலு ரேடியோ. ஆளுக்குக் கொஞ்சம் சேனல்னு பிரிச்சு விட்டிருக்கேன்."

அப்படியானால் மூலைக்கு ஒன்றாக ஏன்? பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யுமாம். முன்பு ஆள் உயரத்துக்கு ஒன்று இருந்ததே, அது எங்கே? அதைத்தான் முதலில் ஆசைப்பட்டு வாங்கினாராம். பெரிசு என்றால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்தாராம். அது தட்டையாகத் தூரத்துக்குத்தான் காது நீட்டுமாம். பக்கத்திலேயே இருக்கும் மூன்றாவது மாடி தப்பிவிடுமாம். அதனால்தான் இப்போது குட்டை ஆன்டெனா.

மாடி வீடு தப்பினால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேக்காட்டைத் தாண்டித் திருமுல்லைவாயில் பக்கம் திரும்பினோம். டேஷ்போர்டில் மாட்டியிருந்த போனில் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. வீட்டுப் பெயர், பிள்ளை பெயர், சிலர் கதவு எண்ணே வைத்திருக்கிறார்கள். நடுவில் எங்கள் அன்பியத்தின் பெயரே ஒன்று: 'புனித அந்தோணியார் அன்பியம்.'

அடுத்த தெருவிலும் அதே பெயர். அதற்கடுத்த தெருவிலும்.

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டேன். பாவி நான் சந்தேகப்பட, புனிதர் கூடவே வருகிறாரே என்று!

மணிகண்டன் முகம் மட்டும் மாறியது. "அக்கா, இது வீட்டு வைஃபை இல்ல. யாரோ நம்ம பின்னாலயே வாராங்க."

திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்கூட்டர். ஹெல்மெட்டுக்குக் கீழே கர்ச்சீப் கட்டிய முகம். அந்தச் சட்டையில் என் வீட்டு டீ சிந்திய கறை இன்னும் காயவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஜெபத்தில் டேப்லெட்டில் பாட்டு ஓட மரியதாஸ் அண்ணன் தன் போனில்தான், அன்பியத்தின் பெயரிலேயே, ஹாட்ஸ்பாட் போடுவார். அன்றைக்கு அணைக்க மறந்து, டேப்லெட்டையும் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு உளவு பார்க்கக் கிளம்பிவிட்டார்.

காரை நிறுத்திக் கூப்பிட்டேன். வந்தார். மணிகண்டன் மேப்பைக் காட்டினார். எங்கள் வாசலிலிருந்து அந்த இடம் வரை, போன வழி முழுக்க அண்ணன் புள்ளி புள்ளியாக இருந்தார்.

அண்ணன் கர்ச்சீப்பை அவிழ்த்தார். "இத எத்தினி பேரு பாத்துட்டாங்க?"

"யாரும் பாக்கல சார். எல்லாரும் பாக்குற பொது மேப்புக்கு இன்னும் அனுப்பல. அனுப்புறதுக்கு முன்னால இப்படி ஆளோட நகர்ற போனையெல்லாம் எடுத்துருவேன்."

"எடுக்காதவன் எவனாச்சும் சுத்துனா?"

"சுத்தலாம் சார்" என்றார் மணிகண்டன்.

அந்தப் பதில்தான் என்னை நம்ப வைத்தது. திருடன் என்றால், 'பயப்படாதீர்கள்' என்றல்லவா சொல்லியிருப்பான்? அண்ணனுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டை அணைத்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டே, "காலி எல்லாம் பண்ண வேணாம். அந்தப் பொண்ண படி பாத்து எறங்க சொல்லு" என்றார்.

கேட்கிறவனைச் சந்தேகப்பட்டோம். வீட்டுக்குள் உட்கார்ந்து ஊருக்கே பெயர் சொல்லிக்கொண்டிருந்தது நாம்தானே? எனக்குச் சந்தேகம் போய்விட்டதா என்றால்... இல்லை. வெளியே கிளம்பும்போது இப்போது என் போனைத்தான் ஒரு முறை முறைத்துப் பார்க்கிறேன்.

சமீபத்தில் பூந்தமல்லியில் ஒரு கல்யாண வீட்டில், யாரென்று தெரியாத ஒரு அம்மா இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அதில் மணிகண்டன் கையும் களவுமாகப் பிடிபட்டு ஜெயிலில் இருக்கிறார். மரியதாஸ் அண்ணனிடம் இதைச் சொன்னபோதுதான், எழுதிடும்மா என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், குழுக்களில் போடுங்கள். ஆனால் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். செல்வியின் மகள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.