கறுப்பு வேஸ்ட்டில் விழுந்த ஓட்டை

இனி பீடி, சிகரெட் எதையும் தொடமாட்டேன் என்று நான் முருகன் மேல் சத்தியம் செய்தது பழனியில் அல்ல, ஆஸ்பத்திரி வாசலில். பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்று இத்தனை வருடம் பஞ்சைத் தின்றது போதாதென்று புகையையும் இழுத்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என் மனைவி என் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "சாமி மேல சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அதன்பிறகு தொடவே இல்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

புகையை விட்டவனுக்குக் கை சும்மா இருக்காது. எனக்குக் காலி பாட்டில் பைத்தியம் பிடித்தது. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்களுடையது வாடகை மாடி வீடு. தை மாதக் குளிரில் பச்சைத் தண்ணீர் பட்டால் எங்கள் மகள் தெருவே கூடும்படி அழுவாள். அவளைச் சாயங்காலம் குளிப்பாட்ட, கேஸ் செலவில்லாமல் வெந்நீர் வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியில் கறுப்பு பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை, மெத்தைபோல் பரப்பி, பெரிய கூல்ட்ரிங்ஸ் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் படுக்க வைத்தேன். மொட்டை மாடி வெயிலை அந்தக் கறுப்புத் துணி வாங்கிக்கொள்ளும். வெயில் தாழ்ந்ததும் மனைவி போய் மேலேயும் வேஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டால் சூடு இறங்காது. திருப்பூரில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், வேஸ்ட்டுக்கு வராது.

"பிளாஸ்டிக்குல சூடான தண்ணி புள்ளைக்கு ஆகுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"குடிக்கவா குடுக்கறோம்? குளிக்கத்தானே அம்மணி" என்றேன். அரைமனதாக ஒப்புக்கொண்டாள்.

தண்ணீர் நன்றாகவே சுட்டது. ஆனால் பாட்டிலைச் சுற்றியிருந்த ஸ்டிக்கர் வெயிலை மறைப்பதுபோல் எனக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் உரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கினேன். பெருமை தாங்கவில்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மனைவி மாடிப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கறுப்புத் துண்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதில் ஓரம் கருகிய ஓட்டைகள். மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை.

"என்னுங்க இது?"

"தெரியலையே."

நம்புவாளா? முன்பு அவளுக்குத் தெரியாமல் நான் புகைத்த இடமே அந்த மொட்டை மாடிதான். காலையில் பாட்டில்களை அடுக்க அங்கே போகிறவனும் நான் ஒருவன்தான். "உங்க சத்தியமெல்லாம் சர்க்கரைப் பொங்கல்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் தொடவே இல்லை என்று எவ்வளவு சொல்லியும், அதற்குப் பிறகு அவள் அவசியத்துக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கழற்றிப் போட்ட சட்டையை அவள் கதவு மறைவில் நின்று முகர்ந்து பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்கும் கோபம் வரும். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குவதைவிடச் செய்துவிட்டே வாங்கலாம் என்று ஒருநாள் டீக்கடை முன்னால் நின்றேன். சில்லறையை எடுக்கக் கைகூடப் போய்விட்டது. பிறகு டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அந்த வீரத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த ஞாயிறு உச்சி வெயிலில் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணி வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நான் படியேறி வந்தேன். தீய்ந்த வாடை அடித்தது. அவள் சட்டென்று திரும்பி முதலில் பார்த்தது என் வாயைத்தான். என் கையில் வாளி.

பெட்டியிலிருந்து நூல்போலப் புகை எழுந்துகொண்டிருந்தது. இருவரும் ஓடிப்போய்க் குனிந்தோம். ஒரு பாட்டிலின் அடியில், கறுப்புத் துணிமேல், கண் கூசும்படி மிளகளவு வெளிச்சப் பொட்டு. அதைச் சுற்றித் துணி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. பாட்டிலைத் தூக்கினேன், பொட்டு மறைந்தது. திரும்ப வைத்தேன், வந்தது. வெயிலைத் தண்ணீர் ஒரே இடத்தில் குவித்துத் துணியைச் சுட்டிருக்கிறது. ஸ்டிக்கரை உரித்துப் பளபளப்பாக்கினேனே, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை.

அந்தப் பாட்டில் தண்ணீரையே ஊற்றி அணைத்தேன். நிமிர்ந்தபோது பக்கத்திலிருந்த தகரக் கொட்டகை கண்ணில் பட்டது. வீட்டுக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த வேஸ்ட் மூட்டைகள் கூரைவரை இருந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கொட்டகைப் பக்கமே திரும்பவில்லை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அப்ப நீங்க பீடி குடிக்கலீங்க!"

"அதைத்தானே ஒரு வாரமாத் தொண்டை கிழியச் சொல்றேன்! ஊடே எரிஞ்சிருக்கும், நீ சிரிக்கற?"

மற்ற பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து தரையில் கொட்டினேன். நாளைக்கே மூடி போட்ட அலுமினியக் குண்டா வாங்கிவிடலாம், துணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன். அவள் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊடு போனா வேற ஊடு வாடகைக்குக் கெடைக்குமுங்க" என்றாள். "நீங்க போயிட்டா உங்களுக்கு நா எங்கீங்க போவேன்?"