நோட்டில் இல்லாத என் பெயர்

"நாலு எழுத்து படிச்சிட்டா சொந்தபந்தத்தையே சந்தேகப்படுவியா, ஏட்டி?"

எங்கள் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று பெற்றோர் நோட்டில் எழுதித் தர வேண்டும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அக்காவுக்குப் பதிலாகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தச் சிரிப்பு சுட்டது.

என் தப்பையே எடுத்துச் சொன்னேன்.

"போன மாசம் எங்க அக்கா மகளைக் கூப்பிட வந்தேன். ஒங்க தேன்மொழியும் 'சித்தி, நானும் வாரேன்'னு கையைப் பிடிச்சா. டீச்சர் ஒண்ணும் கேக்கல. ஒங்களுக்குச் சொல்லாம ரெண்டு பேரையும் வத்திராயிருப்புக்குக் கூட்டிட்டுப் போயி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். நீங்க பிள்ளையைக் காணோம்னு கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நின்னீங்க. கூட்டிட்டுப் போனது நானா இருக்கப்போயி பிள்ள திரும்பி வந்துச்சு. சித்தின்னு யாரை வேணும்னாலும் கூப்பிடலாமே, அக்கா?"

செல்வி அக்கா டீச்சர் முன்னால் இருந்த நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுது. நானு, அவிய, எங்க மாமியார். ஒம் பேரை மட்டும் போட்டுறாத."

மறுபடியும் சிரிப்பு. இம்முறை நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் தேன்மொழி என்னிடம் ஓடி வந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டுல ஒங்க பேரு இல்லையேம்மா."

பள்ளியில் படித்த காலத்தில் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

மறுநாளே புது நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மகாராஜபுரம் பஸ் ஏறினேன். அங்கேயுள்ள பள்ளியிலும் அன்றைக்குப் பெற்றோர் கூட்டம்.