மலைமேலே சர்வர், மலையடியில் நான்

கம்ப்யூட்டர் சர்வர் வேலை பார்க்கும் சகபாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மிஷின் நம் பக்கத்தில் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும், நாம் ஊர் போய்ச் சேர்ந்ததும் படுத்துவிடும். நான் இருப்பது கள்ளக்குறிச்சி. மிஷின் இருப்பது கல்வராயன் மலைமேல், ஒரு அறக்கட்டளையின் சின்ன ஆஸ்பத்திரியில். அது படுத்தால் டோக்கன் வராது, மாத்திரைச் சீட்டு வராது. மலை ஊர்களிலிருந்து வந்த ஜனங்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எனக்கோ எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனாலும் மூன்றாவது வளைவில் வாந்தி. அதனால்தான் கீழே இருந்தே மிஷினை எழுப்ப வசதி செய்தேன்.

இடி

"சர்வர் அணைஞ்சு கிடந்தாலும் உள்ளே ஒரு குட்டி கார்டு முழிச்சிருக்கும், அதை வெச்சு நான் எழுப்பிடுவேன்" என்று நர்ஸ் செல்வியிடம் பெருமையடித்துவிட்டு இறங்கினேன். செல்வி திருக்கோவிலூர்க்காரர், ஆஸ்பத்திரியின் பாதிப் பொறுப்பு அவர் தலையில். மறுநாளே குட்டி கார்டுக்கும் பேச்சு மூச்சில்லை. செல்விக்குப் போன் போட்டேன். இடி இடித்ததாம், டிவி, ஃபிரிட்ஜோடு சேர்த்து சர்வர் பிளக்கையும் பிடுங்கிவிட்டாராம். பிளக்கைப் பிடுங்கினால் கார்டு எப்படி முழித்திருக்கும் என்று கோபித்துக்கொண்டேன்.

"முழிச்சிக்கினு இருக்கும்னு சொன்னீங்க, சரி. இடி வுழுந்தா அதுவும்தான சார் கருகிப் போவும்?"

நீல விளக்கு

இடிதாங்கியெல்லாம் வைத்த பிறகு இன்னொரு நாள். பழைய சர்வர், புது சர்வர் இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. புதியதில் ஒரு ஒயர் செருக வேண்டும். எது புதியது என்று வாட்ச்மேன் மாணிக்கத்துக்குக் குழப்பம். அதற்கென்றே மிஷினில் ஒரு நீல விளக்கு உண்டு. போனில் வாயால் சொல்வதற்கு முன் இங்கிருந்தே கையால் அதைப் போட்டுவிட்டேன், என் அவசரம். அடுத்த நொடி என் திரையில் சர்வரையே காணோம்.

"ஆம்புலன்சாட்டம் லைட்டு அடிச்சிதுங்க சார், இன்னாவோ ஆபத்துன்னு கரண்ட்ட புடுங்கி காப்பாத்திட்டேன்!"

ஒரு பட்டன்

மழைக்காலம். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மேலே சர்வர் எழவில்லை. "ஜனங்க ஈரத்தோட நின்னுக்கினு இருக்காங்க சார், சுகர்காரங்க ஜாஸ்தி" என்றார் செல்வி. திரை இல்லாவிட்டாலும் மிஷின் சொல்வதை எழுத்தாகக் கொண்டுவந்து காட்டும் கன்சோல் ஒன்றையும் வைத்திருந்தேன். நல்லவேளை, அது கிடைத்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி: 'கீபோர்டு இல்லை, தொடர எஃப் ஒன் பட்டனை அமுக்கவும்.' கீபோர்டை யாரோ டோக்கன் கவுன்ட்டருக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

இங்கிருந்தே அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் போன் வழியாக பிரின்டர் ஓடும் சத்தமும், யாரோ பெயர் கூப்பிடுவதும் கேட்டன. நடந்ததைச் செல்வியிடம் சொன்னேன்.

"இந்த ஒத்த பட்டன அமுக்கறதுக்கா சார், இத்தினி நாளா வாந்தி எடுத்துக்கினு மலையேறி வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்ல மனசு வராததால், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு இப்போதும் அவ்வப்போது மலையேறிப் போய்வருகிறேன்.