எண்ணெய் மணக்கும் ரேடியேட்டர்

"பட்டம் வாங்குன கையில ஸ்பேனரைப் பிடிச்சா ரெண்டுமே கெட்டுப்போகும்ட்டி" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஜீப் சாவி என் கைக்கு வந்த வாரம் அது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைக்கிற உத்தேசமும் இல்லை. ஜீப் ஓடினால் அதுவே அண்ணாச்சிக்குப் பதில் என்று நினைத்தேன்.

ஜீப் ஓடவில்லை. அதுதான் எரிச்சல்.

அது எனக்கு மூத்த வண்டி. கிலோமீட்டர் காட்டும் முள் எந்த வருஷம் நின்றது என்று அப்பாவுக்கே ஞாபகம் இல்லை. சாரல் மாதங்களில் தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போகும். மற்ற மாதங்களில் கடையத்திலிருந்து எலுமிச்சை மூட்டை. இந்த வண்டி போய்விட்டால், திருப்பூரிலோ சென்னையிலோ ஏதாவது துணிக்கடையில் பில் போட உட்கார வேண்டும். அதற்கு எனக்கு மனம் இல்லை.

இந்த வருஷம் சாரல் விழுந்ததும் இஞ்சின் கொதிக்க ஆரம்பித்தது. சீசன் கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பாதி வழியில் பானட்டிலிருந்து புகையாக ஆவி கிளம்பும். பின்னால் இருக்கும் குடும்பம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கி நிற்கும். "பொண்ணு ஓட்டும்போதே நெனச்சேன்" என்று ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னார். ஏதோ நான்தான் உள்ளே அடுப்பு மூட்டியதுபோல.

அண்ணாச்சி ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது. "ஹெட் கேஸ்கெட் போச்சு. இஞ்சின் ஆயிலு தண்ணில கலக்குது" என்று இஞ்சின் தலையைக் கழற்றி, நடுவிலிருந்த தகட்டை மாற்றிக் கொடுத்தார். மறு வாரமே மறுபடி கொதித்தது. மறுபடி எண்ணெய். மறுபடி கழற்றினார். அதற்கடுத்த வாரமும் அதே கதை.

"ஹெட்லயே வெடிப்பு இருக்கும். இதுக்கு மேல இதைக் கட்டி அழாத, எடைக்குப் போட்ரு."

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக்கடைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், டயரை உதைத்தார், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

எனக்கு ஒன்று மட்டும் ஒட்டவில்லை. இஞ்சின் ஆயில் தண்ணீருக்குப் போகிறதென்றால் இஞ்சினில் ஆயில் குறைய வேண்டுமே? அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன். ஊற்றிய அளவு அப்படியே இருந்தது. அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"அதெல்லாம் புஸ்தகத்துல குறையும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கோபத்தில்தான் ரேடியேட்டருக்குள் விரலை விட்டு முகர்ந்தேன். இஞ்சின் ஆயிலின் கருகல் வாடையே இல்லை. நல்லெண்ணெய். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் காய்ச்சி வைத்திருக்கும் எண்ணெயின் அதே வாசனை. கொஞ்சம் ஷாம்பு வாசனையும் இருந்தது.

சந்தேகம் அப்பா மேல் போனது. கண் சரியாகாத நிலையிலும் ஒவ்வொரு சவாரிக்கும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஐந்தருவியில் நிறுத்தியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கக் கேனை எடுத்துக்கொண்டு இறங்குவார். பார்க்கிங் குழாயில்தான் பிடிக்கிறார் என்று இருந்தேன். அன்றைக்குப் பின்னாலேயே போனேன். குழாயைத் தாண்டினார். எண்ணெய், சோப்பு கூடாது என்று எழுதிய போர்டையும், அதன் நிழலிலேயே ஒருவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவரையும் தாண்டினார். அத்தனை பேர் குளித்த தண்ணீர் கலங்கலாக ஓடிவரும் ஓடையில் கேனை முக்கினார்.

"எப்பா! என்ன செய்யுதீங்க?"

"ஏட்டி, கத்தாத. அருவித்தண்ணி. மூலிகை. சீசனுக்கு எல்லா டிரைவரும் இதத்தான் ஊத்துவான். இஞ்சின் துருப்பிடிக்காது."

"அவங்க அருவி விழுகிற இடத்துல பிடிப்பாங்க. இது ஊரு குளிச்ச தண்ணி!"

"மேல கேனோட போனா போலீஸ்காரன் வெரட்டுதான். கண்ணும் தெரியல. எங்க பிடிச்சா என்ன, ஒரே அருவிதான?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எண்ணெயும் சேறும் சேர்ந்து உள்ளே குழாய்களை அடைக்கின்றன, அடைத்தால் சூடு தணியாது, இஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்றேன். அப்பா கேனை மூடினார். "ரெண்டு எழுத்துப் படிச்சதும் அருவியையே குத்தம் சொல்லுதா" என்று பக்கத்து ஜீப் டிரைவரிடம் சொன்னார். அந்த ஆள் சிரித்தான். "வண்டிக்கு எண்ணெய்க் குளியலா அண்ணாச்சி? அப்போ சீயக்காயும் போடணும்லா!" என்றான். அப்பா அதற்கும் அசையவில்லை. என் கண்ணெதிரிலேயே அந்தக் கேனை ரேடியேட்டரில் கவிழ்த்தார். திரும்பி வரும் வழியில் வண்டி இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை வருவாரு, குடுத்துருவோம்."

இன்று வியாழக்கிழமை. காலையில் அப்பா எழுந்திருக்கும் முன் பானட்டைத் திறந்து, ரப்பர் ஓசுகளைக் கழற்றி, ரேடியேட்டரின் நான்கு போல்டையும் அவிழ்த்தேன். துருவேறிய ஒரு போல்டு என் விரல் முட்டியைக் கிழித்தது. தண்ணீரைச் சாய்த்தபோது சேறும், ஒரு பிடி தலைமுடியும், எண்ணெயும் வந்தன. அதில் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் பிடித்து, மெக்கானிக் அண்ணாச்சியின் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவரே முகர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். சாக்கில் சுற்றிய ரேடியேட்டர் மடியில் இருக்கிறது. உள்ளே கம்பி விட்டு அடைப்பெடுக்கும் கடை ஒன்பதரைக்குத் திறக்கும். கண்டக்டர் இதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டு, "என்னம்மா, எண்ணெய் வாடை அடிக்குது?" என்கிறார்.