தம்பியை நான் அழைத்த மதியம்

எழுபத்தேழாம் ஆண்டு மெல்பேர்னில் ஒரு யூதப் பள்ளியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடாரப் பண்டிகையை எங்கள் பிள்ளைகளோடு கொண்டாட இஸ்ரேலிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள். பள்ளி முற்றத்தில் யூக்கலிப்டஸ் கிளைகளால் கூரை போட்ட குடிலில் மதியச் சாப்பாடு. என் மனைவியும் வந்திருந்தாள்.

மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு கதிரையை வெறுமையாக விட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்காம். சாப்பிடுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெயரைச் சொல்லி அழைத்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்த என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவனும் இங்கே இருந்து சாப்பிட்டால் நன்றாயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

“சிவம்,” என்றேன்.

பக்கத்திலிருந்த இஸ்ரேல் மாணவி மெதுவாகக் கேட்டாள். “அவர் எப்போது இறந்தார், சேர்? நான் அழைத்தது நாஜி முகாமில் இறந்த என் தாத்தாவை.”

அங்கே அழைக்கப்பட்ட எல்லோரும் இறந்தவர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. கூரை இடுக்கால் விழுந்த வெயில் அந்தக் கதிரையில் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ட்ராமில் மனைவி கேட்டாள்:

“தம்பி வருவார் எண்டுதானே இருக்கிறம். ஏனப்பா அவரைப் போய்ச் செத்த ஆக்களோட கூப்பிட்டனீங்கள்?”

“செத்த ஆக்களைத்தான் கூப்பிடுகினம் எண்டு எனக்குத் தெரியாதப்பா.”

தம்பி வரவேயில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, திவசம் செய்வதற்கு அவன் இறந்த நாளை ஐயர் கேட்டார். குடிலில் அவனை அழைத்த அந்த நாளைச் சொன்னேன். மனைவி அந்தத் திகதியை ஒரு துண்டில் எழுதி ஐயரிடம் கொடுத்தாள்.